எழுத்தும் பகையும்

1958 ஆம் ஆண்டு மே மாதம், வன்னியின் தென்வாயிலாகிய வவுனியாவிலே தமிழரசுக் கட்சி மாநாடு கூட்ட ஏற்பாடாகியிருந்தது. அதற்குச் செல்லும் தமிழர் இருக்கின்றனர் எனக் கருதி, மே 22 ஆம் நாள் பொலன்னறுவைப் புகையிரத நிலையத்திலே ஒரு கும்பல் புகையிரதத்தைத் தாக்கியது. அதனைத் தொடர்ந்து கலவரம் நாடெங்கும் பரவியது. நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். இப்பகை முற்றியதில் ஓர் எழுத்துக்கும் பங்கு உண்டு.

அவ்வெழுத்து 'ஸ்ரீ'. தமிழரும் சிங்களவரும் வழிவழியாகப் போற்றும் மங்கலச் சொல் அது. எனினும், சிங்களம் மட்டுமே அரசகரும மொழியென 1956 இல் சட்டமான பின்னர், 1957 சனவரி முதல் மோட்டார் வாகனங்களின் இலக்கத் தகடுகளில் அச்சொல் சிங்கள எழுத்திலே பொறிக்கப்பட்டது. தமிழர் வெறுத்தது சொல்லையன்று. தம் மொழிக்கு இடமில்லை என்பதை அவ்வோரெழுத்து தெருத்தோறும் அறிவித்து வந்ததையே வெறுத்தனர்.

1958 மார்ச்சிலே, அரசுடைமையான பஸ் வண்டிகள் அவ்வெழுத்தைத் தாங்கி வடக்கே வந்தன. தமிழரசுக் கட்சியினர் அதன்மேல் தார் பூசினர். தெற்கிலோ, பெயர்ப்பலகைகளில் இருந்த தமிழ் எழுத்துகள்மேல் தார் பூசப்பட்டது. தார் ஒன்றேயாயினும் பொருள் ஒன்றன்று. அரசின் தகட்டிலே பூசிய தார் ஆணையொன்றை மறுத்தது. கடைவாசலிலே பூசிய தாரோ, உள்ளே இருக்கும் மனிதனை நோக்கி, "உனக்கு இங்கே இடமில்லை" என்றது. பகைக்குறி பிறப்பது இவ்விடத்திலேதான். ஏப்ரல் 9 ஆம் நாள் பண்டாரநாயக்கா - செல்வநாயகம் ஒப்பந்தம் கைவிடப்பட்டது. அடுத்த மாதம் தார் பூசிய பகை தீயாய் மூண்டது.

உலக வரலாறும் இதற்குச் சான்று பகரும். நம் கோயில்களிலே மங்கலமாய் விளங்கும் சுவஸ்திகத்தை 1920 இல் ஜேர்மனியின் நாசிக் கட்சி தன் சின்னமாக்கிற்று. 1935 இல் அது அந்நாட்டின் கொடியிலேயே ஏறியது. யூத மக்களுக்கு அவ்வடிவம் மரணத்தின் குறியாயிற்று. ஆயினும் நம் கோயில் வாசலிலே அது இன்றும் மங்கலமே.

ஆதலால், ஒரு குறியைக் கண்டவுடன் அதன் வடிவத்தை மாத்திரம் நோக்குதல் போதாது. அதை இட்டவர் யார், யார் வாசலில் இட்டார், எத்துணை வலிமையோடு இட்டார் என வினவுதல் வேண்டும்.

1987 இல் தமிழும் அரசகரும மொழியாயிற்று. புதிய இலக்கத் தகடுகளிலே 'ஸ்ரீ' இல்லை. எழுத்தை மாற்றுதல் எளிது. அயலவனின் வாசலை மதிக்கும் மனத்தை வளர்த்தலே அரிது. அதுவே நம் அனைவர்க்கும் உரிய கடமை.