சமத்துவமும் சமநீதியும்: விளையாட்டுத் திரையில் பெண்



லட்சுமி வெடியின் உறையில் ஒரு பெண் இருக்கிறாள்: பட்டுப்புடவை, நகை, தாமரை. அந்த வெடிக்குத் திரி செருகிய பெண்ணின் முகம் அதில் இல்லை. ஆனைக்குட்டம் முதல் சிவகாசி வரை பட்டாசு ஆலைகளில் உட்கார்ந்து வேலை செய்யும் பெண்களில் நம் தெருக்காரர்கள் ஏராளம். படத்தில் பெண்ணை ஏற்றி, வாழ்க்கையில் அவளை இறக்கிவைக்கும் இந்த வழக்கம் நம் பிள்ளைகளின் கைப்பேசி விளையாட்டுக்குள்ளும் இருக்கிறது. அதைப் புரிந்துகொள்ள முதலில் இரண்டு சொற்களைப் பிரித்தறிவோம்.

எல்லாருக்கும் ஒரே அளவு தருவது சமத்துவம். யார் எவ்வளவு பின்னால் நிறுத்தப்பட்டார்கள் என்று பார்த்துத் தருவது சமநீதி. இந்த வேறுபாட்டை நாட்டுக்கு உணர்த்தியதில் நம் மாநிலத்துக்குப் பங்கு உண்டு. 1951இல் செண்பகம் துரைராசன் வழக்கில், பாகுபாடு கூடாது என்று காரணம் காட்டி, சென்னை மாகாணத்தின் வகுப்புவாரி அரசாணையை உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. இங்கே கிளர்ச்சி எழுந்தது. அதே ஆண்டு, அண்ணல் அம்பேத்கர் சட்ட அமைச்சராக இருந்தபோது, முதல் திருத்தத்தின் வழி 15(4) பிரிவு வந்தது. பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் தனி ஏற்பாடு செய்ய 15(3) பிரிவு தொடக்கத்திலேயே இடம் தந்திருந்தது.

ஆலையைப் பாருங்கள். 1976ஆம் ஆண்டுச் சம ஊதியச் சட்டம், ஒரே வேலைக்கு அல்லது ஒத்த வேலைக்கு ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி என்றது. ஆனால் மருந்துக் கலவை பெரும்பாலும் ஆணுக்கு, திரி செருகுவதும் சரம் பின்னுவதும் பெண்ணுக்கு என்று வேலையே பிரிந்துகிடந்தால், எதை எதோடு ஒப்பிடுவது? சட்டத்தை மீறாமலே அவள் கூலியைக் குறைக்க முடியும்.

விளையாட்டுத் திரையிலும் இதே கணக்குதான். 1981இல் வந்த 'டாங்கி காங்'கில் பெண் கடத்தப்படுபவள், மீட்பவன் ஆண். 1986இல் வந்த 'மெட்ராய்ட்'டில் கவசம் அணிந்த வீரர் ஒரு பெண் என்பது கடைசியில்தான் தெரியும். ஆட்டத்தை வேகமாக முடித்தவருக்கு அவள் உடை குறைந்து காட்சி தருவாள். வீராங்கனையையும் பரிசுப்பொருளாக்கிவிட்டார்கள். 1996இல் 'டூம் ரைடர்' லாரா கிராஃப்ட் ஆணைப்போலவே துப்பாக்கி ஏந்தினாள். உடலை மட்டும் ஆண் பார்வைக்கென்றே வரைந்தார்கள். சமத்துவம் வந்ததுபோல் தெரிந்தது, நீதி வரவில்லை. இவற்றை 2013 முதல் காணொளிகளில் விளக்கிய அனிதா சர்க்கீசியன், 2014இல் கொலை மிரட்டலால் அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் ஆற்றவிருந்த உரையைக் கைவிட நேர்ந்தது.

2020இல் புனேயில் உருவாகி வெளிவந்த 'ராஜி' ஒரு முன்னேற்றம்தான். தம்பியை மீட்கப் போராடும் நாயகி ஒரு சர்க்கஸ் பெண். ஆனால் அவள் ஆயுதமும் ஆற்றலும் தெய்வங்கள் அருளியவை. 'பெண்' என்று பொதுவாகச் சொல்லி நிறுத்தும்போது, எந்தத் தெருப் பெண் என்ற நம் கேள்வி விடுபட்டுப்போகிறது.

திரையில் எத்தனை பெண்கள் என்று எண்ணினால் மட்டும் போதாது. யார் வரைகிறார்கள், யார் கையில் கருவி இருக்கிறது என்றும் கேட்க வேண்டும். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 15 முதல் 49 வயதுள்ள இந்தியப் பெண்களில் தாமே பயன்படுத்தும் கைப்பேசி உள்ளவர்கள் சுமார் 54 விழுக்காடுதான். அண்ணன் கையில் போன், தங்கை கையில் குடம் என்றிருக்கும் வீட்டில், 'விளையாட்டு எல்லாருக்கும் பொது' என்பது வெறும் பேச்சு.

எனவே நாம் கேட்பது இது: அரசுப் பள்ளிக் கணினி அறையில் பெண் பிள்ளைகளுக்கெனத் தனி நேரம், நம் இரவுப் பள்ளிகளில் 'ஸ்கிராட்ச்', 'கோடோ' போன்ற இலவச மென்பொருள்களில் பயிற்சி. இதைச் சலுகை என்பார்கள். 1951இலும் அப்படித்தான் சொன்னார்கள். திரி செருகிய கையின் மகள் தன் கதையைத் தானே விளையாட்டாகச் செய்யும் நாளில்தான் உறையில் இருக்கும் முகம் மாறும்.