பெருங்குடற் புற்றுநோயும் முதிய பெற்றோரும்

பெருங்குடலிலோ மலக்குடலிலோ புற்றுநோய் கண்ட முதியவருக்கு அறுவைச் சிகிச்சை முடிந்தபின், எஞ்சிய பராமரிப்பு வீட்டாரையே சார்கிறது. இடுக்கி மாவட்டத்துத் தேவிகுளம், பீருமேடு பகுதிகளில் தோட்ட லயங்களில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கோ, மருத்துவமனைக்குச் செல்லும் நாள் கூலியிழந்த நாளுமாகும். பாலக்காட்டுச் சித்தூர் எல்லைக் கிராமங்களின் உழைப்பாளர் நிலையும் அதுவே.

சிலருக்குக் குடலை வயிற்றின்மேல் திறந்துவிட்டுப் பை பொருத்துவர். அத்திறப்பு சிவந்து ஈரமாயிருத்தல் இயற்கை, தொட்டால் வலியிராது. அது கருத்துப்போனால் உடனே மருத்துவரிடம் காட்டுதல் வேண்டும். வெறும் நீரால் கழுவி, சுற்றியுள்ள தோலை நன்கு உலர்த்திய பின்னரே பையை ஒட்டலாம். எண்ணெய் தடவும் நம் வழக்கம் இங்கு உதவாது, பை கழன்றுவிடும். மூன்றிலொரு பங்கு நிறைந்ததும் காலிசெய்வது நலம்.

கேரள அரசு 2008-ஆம் ஆண்டில் வலிதணிப்புச் சிகிச்சைக் கொள்கையை அறிவித்தது. உள்ளாட்சி மன்றங்களின் பொறுப்பில் தாதியர் வீடு தேடிவரும் ஏற்பாடு அதனால் வலுப்பெற்றது. இது மரணப் படுக்கையினருக்கே உரியதென எண்ணிப் பலர் தயங்குகின்றனர். தொடக்கத்திலேயே இவ்வுதவியை நாடலாம் என்பதைக் கள ஊழியர் எடுத்துரைத்தல் வேண்டும். வலிக்கு மார்பின் தரப்படின், மலச்சிக்கலுக்கும் மருந்து கேட்டுப் பெறுக.

நோயின் பெயரை முதியவரிடம் மறைப்பதும் வழக்கமே. அவரோ பெரும்பாலும் முன்பே ஊகித்திருப்பார். கேட்ட அளவுக்கேனும் உண்மை கூறுதல் தக்கது.

பெற்றோருக்கு இந்நோய் இருப்பின் பிள்ளைகளுக்கும் வாய்ப்பு சற்று அதிகம். நாற்பது வயதை எட்டுமுன் பரிசோதனை பற்றி அவர்கள் மருத்துவரைக் கேட்டறிதல் நன்று. மலத்தில் இரத்தம் கண்டால் மூலமென்று தாமே முடிவுசெய்தல் ஆகாது.