கம்பத்தைப் பிடித்துக்கொள்வது எது?

தரையிலிருந்து கூரைவரை நிற்கும் வழுவழுப்பான உலோகக் கம்பம். அதில் ஒரு பெண் ஏறுகிறார், தலைகீழாகக் கவிழ்கிறார், இரண்டு கைகளையும் விட்டுவிட்டு நிதானமாகச் சுற்றி வருகிறார். போல் டான்ஸ் வீடியோவை முதன்முதலாகப் பார்க்கிற எவருக்கும் வருகிற கேள்வி, இவர் எப்படி விழாமல் இருக்கிறார் என்பதுதான். "கையில் அவ்வளவு பலம்" என்று நாமே பதிலும் சொல்லிக்கொள்கிறோம். ஆனால் கைகளைத்தான் அவர் விட்டுவிட்டாரே! அந்தப் பதிலை நம்பி வகுப்பில் சேர்கிறவர்களில் பலருக்குச் சில மாதங்களில் முழங்கை வலி வந்துவிடுகிறது. ஆகவே சரியான பதிலை அவசரப்படாமல் தேடிப் பார்ப்போம்.

இந்தக் கலை மேலைநாட்டு இரவு விடுதிகளின் வழியாக இன்றைய வடிவத்துக்கு வந்தது. இப்போது பல நாடுகளில் ஆண்களும் பெண்களும் சிறுவர்களும் இதை உடற்பயிற்சியாகவும் போட்டி விளையாட்டாகவும் பயில்கிறார்கள். 2009-இல் இதற்கென ஒரு சர்வதேசக் கூட்டமைப்பு தொடங்கப்பட்டது. உலக விளையாட்டுக் கூட்டமைப்புகளின் பொது அமைப்பு 2017-இல் அதற்குப் பார்வையாளர் தகுதி கொடுத்தது. கம்பத்தில் உடலைப் பழக்குவது நமக்கும் புதிதில்லை. விழுப்புரத்துப் பிள்ளைகள் பயிலும் மல்லர் கம்பம் இதற்கு நெருங்கிய உறவு. அங்கே மரக் கம்பம், இங்கே உலோகக் கம்பம்.

முதலில் கம்பத்தைத் தொட்டுப் பார்ப்போம். பரவலாகப் பயன்படுவது 45 மில்லிமீட்டர் விட்டமுள்ள கம்பம். பெரும்பாலும் குரோம் பூசியிருக்கும். பித்தளையிலும் எவர்சில்வரிலும் உண்டு. பேன்ட் போட்டுக்கொண்டு இதில் ஏற முயன்றால் துணி சரசரவென்று வழுக்கிவிடும். வெறுந்தோல் பட்டால் நிற்கும். பயில்கிறவர்கள் குட்டை உடை அணிவதற்கு முதல் காரணம் இதுதான். உள்ளங்கை, முழங்கால் குழி, உள்தொடை, விலாப்பக்கம், அக்குள் என்று தோல் படும் இடமெல்லாம் இங்கே பிடிமானம். உடலைக் கம்பத்தில் நிறுத்துவது தோலுக்கும் உலோகத்துக்கும் இடையிலான உராய்வு.

இந்த உராய்வு தினமும் ஒரே அளவில் இருக்காது. வறண்ட தோல் வழுக்கும். வியர்வையில் நனைந்த தோலும் வழுக்கும். இரண்டுக்கும் நடுவே, லேசான ஈரப்பதம் இருக்கும் தோல்தான் நன்றாகப் பிடிக்கிறது. அதனால்தான் வகுப்பு நாளில் எண்ணெயோ மாய்ஸ்சரைசரோ தடவ வேண்டாம் என்று பயிற்றுநர் சொல்கிறார். கை வியர்க்கிறவர்கள், ஜிம்னாஸ்டிக் வீரர்கள் பூசிக்கொள்ளும் வெள்ளைத் தூளைப் பூசுகிறார்கள். அது மக்னீசியம் கார்பனேட். வறண்ட தோல்காரர்களுக்கு அதே தூள் கெடுதல். அவர்களுக்கு லேசாகப் பிசுபிசுக்கும் பூச்சு வேண்டும். தோழிக்கு உதவிய பூச்சு நமக்கு உதவாமல் போவது இதனால்தான். வழுக்கினால் உடனே நம் பலத்தைச் சந்தேகிக்காமல், முதலில் தோலையும் கம்பத்தையும் துடைத்துவிட்டு மறுபடி முயல்வது நல்லது.

உராய்வு உண்டாகத் தோல் கம்பத்தில் அழுந்த வேண்டும். அந்த அழுத்தத்தை யார் கொடுப்பது? தென்னை ஏறுகிறவரை நினைத்துக்கொள்ளுங்கள். அவர் கைகள் மரத்தைத் தம் பக்கம் இழுக்கின்றன, பாதங்கள் மரத்தை அப்பால் தள்ளுகின்றன, உடல் சற்றே பின்னால் சாய்ந்திருக்கிறது. அந்தச் சாய்வால் அவருடைய எடையே அவரை மரத்தோடு இறுக்குகிறது. தலைகீழாகத் தொங்குகிற நடனக்காரரும் இதைத்தான் செய்கிறார். மடித்த முழங்காலின் குழி கம்பத்தை ஒரு பக்கமிருந்து இழுக்கிறது, விலாப்பக்கம் மறுபக்கமிருந்து தள்ளுகிறது. மேலுடலைச் சரியான கோணத்தில் வெளியே சாய்த்ததும் பிடி பூட்டிக்கொள்கிறது. கைகளுக்கு அப்போது வேலையில்லை.

தொடக்க வகுப்பில் சொல்லித்தரும் ஏறும் முறையிலேயே இது தெரியும். கைகளால் தலைக்கு மேலே கம்பத்தைப் பிடிக்கிறோம். வலது காலைத் தூக்கி, பாதம் கம்பத்தின் ஒரு பக்கமும் முழங்கால் மறுபக்கமும் இருக்குமாறு கீழ்க்காலைக் குறுக்கே வைக்கிறோம். பாதத்தை மேல்நோக்கி மடக்கினால் கணுக்கால் கம்பத்தில் கவ்விக்கொள்ளும். பிறகு இடது காலைக் கொண்டுவந்து அதன் கெண்டைக்காலால் பின்னாலிருந்து அழுத்துகிறோம். இப்போது இரண்டு கால்களுக்கு நடுவே கம்பம் சிக்கிக்கொண்டது. கால்களை நீட்டி எழுந்து நின்றால் ஓரடி உயர்ந்திருப்போம். ஏற்றியது கால்கள்; கைகள் அடுத்த இடத்துக்கு நகர்ந்தன, அவ்வளவுதான். கால்களை இப்படிப் பூட்டக் கற்காமல் கையாலேயே இழுத்து ஏறுகிறவருக்கு மூன்றாவது முயற்சியிலேயே விரல்கள் திறந்துகொள்ளும்.

கையை நம்புவதில் என்ன கெடுதல்? ஒரு சின்னச் சோதனை செய்வோம். வலது கையில் இருக்கும் தேநீர் டம்ளரை இறுகப் பிடியுங்கள். இடது கையால் வலது முழங்கைக்குச் சற்றுக் கீழே தொட்டுப் பாருங்கள். அங்கே தசை புடைப்பது தெரியும். விரலை மடக்கும் முக்கியத் தசைகள் முன்கையில்தான் இருக்கின்றன. அவற்றில் சில, முழங்கையின் உட்பக்க எலும்பு மேட்டில் போய் ஒட்டுகின்றன. தசையை எலும்போடு இணைக்கும் உறுதியான பட்டைக்குத் தசைநாண் என்று பெயர். பயத்தில் கம்பத்தை நசுக்குகிற ஒவ்வொரு நிமிடமும் அந்தச் சிறிய மேட்டில் இழுவை ஏறுகிறது. மாதக்கணக்கில் இழுத்தால் அது நோகத் தொடங்குகிறது. முழங்கையின் வெளிப்பக்கத்திலும் இப்படி ஒரு மேடு உண்டு. கையை இறுக்கும்போது மணிக்கட்டை நிலைநிறுத்தும் தசைகள் அங்கே சேர்வதால் அதுவும் நோகும்.

தோளுக்கும் இதே கதைதான். தோள்மூட்டின் குழி ஆழமற்றது. கை எல்லாத் திசையிலும் சுழல வேண்டும் என்பதற்காக உடல் கொடுத்திருக்கும் விலை அது. சுற்றியுள்ள தசைகள்தான் மூட்டைக் காவல் காக்கின்றன. தோள் காதுவரை ஏறிவிட, தசையைத் தளர்த்திவிட்டுத் தொங்கினால் சுமை முழுவதும் மூட்டின் மென்பகுதிகளுக்குப் போகும். "தோளைக் கீழே இறக்கு" என்று பயிற்றுநர் ஓயாமல் சொல்வதற்குக் காரணம் இதுதான். மேலே இருக்கும் கையைப் பெருவிரல் கீழ்நோக்குமாறு முறுக்கிப் பிடிக்கும் ஒரு பிடி உண்டு. பார்க்க எளிதாகத் தெரிந்தாலும் தோளுக்கு அது கடினம். தோள் பலப்பட்ட பிறகுதான் அதைத் தொட வேண்டும்.

இனி, அதிகம் பேர் அறியாத ஒரு செய்தி. உடலின் பகுதிகள் எல்லாம் ஒரே வேகத்தில் கற்பதில்லை. தோல் சில வாரங்களில் பழகிவிடும். முதலில் வரும் கன்றிய நீலத் தடங்களும் எரிச்சலும் குறைந்துவிடும். தசையைப் பயன்படுத்த நரம்புகளும் சில வாரங்களில் கற்றுக்கொள்கின்றன. அதனால் நாம் சீக்கிரமே பலசாலியாக உணர்கிறோம். தசைநாணுக்கு இரத்த ஓட்டம் குறைவு. அது உறுதிப்படப் பல மாதங்கள் ஆகும். இரண்டாம், மூன்றாம் மாதத்தில் தசை "முடியும்" என்கிறது, தசைநாண் இன்னும் தயாராகவில்லை. நாட்பட்ட வலிகள் பல இந்த இடைவெளியில்தான் பிறக்கின்றன.

உடல் வளைவதும் இப்படித்தான். "எனக்கு உடம்பு வளையாது, எனக்கெதற்கு?" என்று தயங்குகிறவர்களுக்குச் சொல்கிறேன்: வளைந்த பிறகு வர வேண்டிய கலை இல்லை இது, வந்த பிறகு மெல்ல வளையலாம். தினமும் நீட்டிப் பழகும்போது முதலில் மாறுவது தசையின் நீளத்தைவிட நரம்பின் பொறுமை. "இதுவரை போனால் ஆபத்தில்லை" என்று நரம்பு மண்டலம் நம்பத் தொடங்குகிறது. ஆனால் காலைக் கையால் இழுத்து விரிப்பது ஒன்று. அந்தக் காலையே அதன் சொந்தத் தசையால் உயர்த்தி நிறுத்துவது வேறொன்று. கம்பத்தில் காலைப் பிடித்துவிட யாரும் இல்லை, ஆகவே இரண்டாவதுதான் அங்கே பயன்படும். உட்காரும்போது தரையில் படும் எலும்பின் அருகே குத்துகிற வலி வந்தால் அதை நீட்டிச் சரிசெய்யப் பார்க்காதீர்கள். பின்தொடைத் தசைநாண் ஒட்டுகிற இடம் அது. இழுக்க இழுக்கப் புண்படும்.

சரி, வலி வந்துவிட்டது. இனி என்ன? காயம் பட்டால் ஓய்வு, ஐஸ், கட்டு, உயர்த்தி வைத்தல் என்ற நான்கும் நமக்கு மனப்பாடம். அமெரிக்க மருத்துவர் கேப் மிர்கின் 1978-இல் தம் நூலில் வகுத்துக் கொடுத்தது அது. ஐஸும் முழு ஓய்வும் குணமாவதைத் தாமதப்படுத்தலாம் என்று பிற்காலத்தில் அவரே எழுதினார். தசைநாண் வலிக்கு முழு ஓய்வு கொடுத்தால் வலி அடங்கும், தசைநாண் இன்னும் பலவீனமாகும். திரும்பி வந்த முதல் வாரத்திலேயே வலியும் திரும்பி வரும். அதற்கு வேண்டியது அளவான சுமை.

முழங்கையின் உட்பக்க வலிக்குப் பிசியோதெரபிஸ்ட்கள் சொல்லித்தரும் ஒரு பயிற்சியைப் பாருங்கள். முன்கையை மேசைமேல் வைத்து, உள்ளங்கை மேல்நோக்க, மணிக்கட்டு விளிம்புக்கு வெளியே இருக்கட்டும். கையில் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில். மறுகையால் தாங்கி மணிக்கட்டை உயர்த்திவிட்டு, மெதுவாக, மிக மெதுவாக இறக்க வேண்டும். பத்துக்கு மூன்று என்னும் அளவுக்குள் வலித்தால் பரவாயில்லை. மறுநாள் காலை எப்படி இருக்கிறது என்பதே அளவுகோல்: வலி கூடியிருந்தால் சுமையைக் குறைக்க வேண்டும், கூடவில்லை என்றால் தொடரலாம். குணமாக மூன்று மாதமோ அதற்கு மேலோ ஆகலாம். அதுவரை கம்பத்தை முழுவதும் விட வேண்டியதில்லை. நோகும் கைக்குச் சுமை தராத கால் பயிற்சிகளைத் தொடரலாம்.

வீட்டில் வைத்துப் பார்க்கக் கூடாத வலிகளும் உண்டு. 'டப்' என்ற ஓசையோடு திடீரெனப் பலம் போவது, பெரிதாக இரத்தம் கட்டுவது, விரல் மரத்துப்போவது, தூக்கத்தைக் கலைக்கும் தோள் வலி, கழுத்தோ தலையோ அடிபடும்படி விழுவது ஆகியவற்றுக்கு அன்றே மருத்துவரிடம் போக வேண்டும்.

கற்க ஆசைப்படுகிற உங்களிடம் கேட்டுக்கொள்வது இவ்வளவுதான். கீழே தடித்த மெத்தை விரித்திருக்கிற, பயிற்றுநர் அருகில் நின்று தாங்குகிற இடமாகத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொரு அசைவையும் வலம் இடம் இரண்டு பக்கமும் பழகுங்கள். காலை உதறி எம்பாமல், வயிற்றுத் தசையால் மெதுவாக இடுப்பை உயர்த்த முடிகிற நாள்வரை தலைகீழாகப் போக வேண்டாம். பிடி நழுவுகிற நொடியில் விரலை இறுக்கத்தான் மனம் சொல்லும். அதற்குப் பதிலாகக் காலின் கோணத்தைச் சரிசெய்யுங்கள், முடியாவிட்டால் இறங்கிவிடுங்கள், கம்பத்தைத் துடைத்துவிட்டு மறுபடி முயலுங்கள். ஓராண்டு பொறுத்துப் பயில்கிறவருக்கு வயதோ எடையோ தடையாக வேண்டியதில்லை.