நின்றுபோன பழைய காருக்கு ஈரத்துணி வைத்தியம்! தெரியுமா?

நடுரோட்டில் நிற்கும் பழைய அம்பாசிடரின் பானெட்டைத் திறந்து, பெட்ரோல் பம்ப்பில் ஈரத்துணி சுற்றுவார்களே, பார்த்திருக்கிறீர்களா? அது சடங்கு இல்லை! பெட்ரோலின் லேசான பகுதி 40 டிகிரிக்கு முன்பே கொதிக்கத் தொடங்கிவிடும்! பம்ப்போ கொதிக்கும் எஞ்சினோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. உள்ளே ஆவி நிறைந்தால் பெட்ரோல் ஏறாது. துணியை நனைத்துப் போட்டுப் பத்து நிமிடம் பொறுங்கள், வண்டி கிளம்பிவிடும்!

அமெரிக்காவில் இதற்கு என்ன செய்தார்கள் தெரியுமா? பெட்ரோல் பைப்பில் வரிசையாகத் துணி கிளிப் மாட்டினார்கள்! ஆமாம், கொடியில் துணி காயப்போடும் அதே மரக் கிளிப்! பலன் உண்டா? நம்பியவர்கள் நம்பினார்கள்!

மோரிஸ் மைனர் கார் பேசும், தெரியுமா? சாவியைத் திருப்பினால் அதன் எஸ்.யு. மின்சார பம்ப் ‘டிக் டிக் டிக்’ என்று அடித்து, கார்புரேட்டர் நிறைந்ததும் அடங்கிவிடும். அடங்காமல் படபடவென்று அடித்தால்? டேங்க் காலி, அல்லது பைப்பில் எங்கோ காற்று புகுகிறது! சத்தமே இல்லையா? உள்ளே காண்டாக்ட் பாயின்ட் ஒட்டியிருக்கலாம். ஸ்பேனர் பிடியால் லேசாக ஒரு தட்டு... மறுபடி ‘டிக் டிக்’! தட்டினால் படம் தெரியும் பழைய டிவி ஞாபகம் வருகிறதா?

அந்த எஸ்.யு. கம்பெனியை 1910-ல் தொடங்கிய ஸ்கின்னர் சகோதரர்களின் குடும்பத் தொழில் என்ன? லண்டனில் காலணி வியாபாரம்! அவர்களுடைய முதல் கார்புரேட்டர்களில் இருந்ததோ தோல் துருத்தி!

உங்கள் இதயம் ரத்தத்தைத் தள்ளும் அழுத்தம் எவ்வளவு? 120 என்றால், கார் கணக்கில் சுமார் 2.3 பி.எஸ்.ஐ.! கார்புரேட்டர் காரின் பம்ப்புக்கு 2 முதல் 5 இருந்தாலே போதும்!

1 லிட்டர் பெட்ரோல் எரிய எவ்வளவு காற்று வேண்டும்? ஏறக்குறைய 9,000 லிட்டர்!

மேட்டில் கார் பின்னோக்கி ஏறிய கதை தெரியுமா? 1908 முதல் 1927 வரை ஒன்றரைக் கோடி விற்ற ஃபோர்டு மாடல் டி-யில் பம்ப்பே கிடையாது! சீட்டுக்கு அடியில் டேங்க், பெட்ரோல் தானாக வழிந்து வரவேண்டும். செங்குத்தான மேட்டில் முன்பக்கம் தூக்கினால் கார்புரேட்டர் டேங்கைவிட உயரத்துக்குப் போய்விடும். அவ்வளவுதான், எஞ்சின் அவுட்! ரிவர்ஸ் போட்டால் டேங்க் மேலே, கார்புரேட்டர் கீழே. அப்படியே பின்னோக்கி ஏறினார்கள்!

உங்கள் வண்டி சில கிலோமீட்டர் ஓடி நிற்கிறது, ஆறவிட்டால் மறுபடி ஓடுகிறதா? டேங்க் மூடியைத் திறங்கள். ‘உஸ்ஸ்’ என்றதா? மாட்டிக்கொண்டான் திருடன்! மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது. பெட்ரோல் வெளியேற வெளியேற, அந்த இடத்தை நிரப்பக் காற்று வரவில்லை. வெற்றிடம் பெட்ரோலைப் பிடித்து இழுக்கிறது. ஒரு குண்டூசித் துளைதான் விஷயம்! இதைப் பார்க்காமல் பம்ப்பை மாற்றிக் காசைக் கரைத்தவர்கள் எத்தனை பேரோ!

1950-களின் ஃபோக்ஸ்வேகன் பீட்டிலில் பெட்ரோல் முள்ளே கிடையாது! வண்டி திணறினால் காலால் ஒரு குமிழைத் திருப்புவார்கள், கடைசி 5 லிட்டர் திறந்துகொள்ளும்!

நீங்களும் சோதிக்கக் கிளம்பிவிட்டீர்களா? பைப்பைக் கழற்றும் முன் கையில் இருக்கும் சிகரெட்டை அணைத்துவிடுங்கள்!