தேய்ந்துபோன பொத்தான்

ஒரு வீட்டின் தலைமை யாரிடம் உள்ளது என்று அறிய விரும்புவோர், முன்னாளில் திறப்புக் கோர்வை யார் இடையில் தொங்குகிறது என்று பார்ப்பர். இக்காலத்தில் அவ்வளவு ஆராய்ச்சி வேண்டியதில்லை. மாலை வேளையில் முன்கூடத்துட் புகுந்து, றிமோட் என்று எல்லாரும் வழங்கும் அந்தச் சிறு கருவி யார் மடியில் இருக்கிறதென்று நோக்கினாற் போதும்.

எங்கள் வீட்டில் அத்தலைமை ஏறக்குறைய இரண்டு ஆண்டுக் காலம் என் அம்மாவின் கையை விட்டு நீங்கியிருந்தது. அது நீங்கியதை நாங்கள் ஒருவரும் உணரவில்லை என்பதே இக்கட்டுரையை எழுதத் தூண்டிய காரணம். மிக மலிந்த விலைக்கு வாங்கிய ஒரு கருவி, அதற்கே உரிய குறைகளோடு வந்து, அதனை எங்களுக்கு உணர்த்திற்று.

இலண்டனில் வாழும் என் தம்பி 2016ஆம் ஆண்டில் ஊருக்கு வந்தபோது, தன் பிள்ளைகள் விளையாடித் தீர்த்த பிளேஸ்டேஷன் 3 என்னும் விளையாட்டு இயந்திரத்தைக் கொணர்ந்து எங்களிடம் விட்டுச் சென்றான். 2006ஆம் ஆண்டு நவம்பரில் யப்பானிலே முதன்முதல் விற்பனைக்கு வந்த இயந்திரம் அது. விளையாட்டுத் தட்டுகளை மட்டுமன்றி, டி.வி.டி., புளூ-றே ஆகிய படத் தட்டுகளையும் ஓட்ட வல்லது. எங்கள் பழைய டி.வி.டி. பெட்டி பழுதாகிக் கிடந்த காலமாதலின், புதிதாய் வந்த விருந்தாளியை அப்பெட்டியின் இடத்திலே அமர்த்தினோம்.

அம்மாவுக்கு அப்போது எண்பத்தொரு வயது. விரல் மூட்டுகளில் வாதம். மாலையில் விளக்கேற்றிய பின், சாய்மனைக் கதிரையில் இருந்து கோயில் திருவிழாக் கச்சேரித் தட்டுகளையும் பழைய படங்களையும் பார்ப்பது அவர் வழக்கம். பழைய பெட்டியின் றிமோட்டை அவர் நன்கு கையாண்டவர். புதிய இயந்திரத்துக்கோ விளையாட்டுப் பிடியைத் தவிர வேறு கருவி எங்களிடம் இருக்கவில்லை.

அப்பிடியை அறியாதார்க்குச் சிறிது கூறுவேன். அதனை இரு கைகளாலும் ஏந்த வேண்டும். வலப்புறத்திலே முக்கோணம், வட்டம், குறுக்குக்கோடு, சதுரம் என நான்கு குறிகள் பொறித்த பொத்தான்கள். நடுவிலே அசையும் குமிழ்கள் இரண்டு. விளிம்பிலே, கண்ணுக்குத் தோன்றாத வண்ணம், பக்கத்துக்கு இரண்டாக நான்கு விசைகள். படம் ஓடும்போது, மேலுள்ள இரு விசைகள் அத்தியாயம் விட்டு அத்தியாயம் தாவச் செய்யும். கீழுள்ளவை படத்தை முன்னும் பின்னும் விரைந்தோடச் செய்யும். பத்து விரல்களுக்கும் வேலை கொடுக்கவென இளைஞர்க்காக ஆக்கப்பட்ட பிடி அது. அவ்வேலைக்கு மிகப் பொருத்தமானதும் ஆகும். ஆனால் அம்மா அதனை மடியில் வைத்தவுடன் விளிம்பு விசையில் விரல் பட்டுவிடும். உருக்கமாக ஓடிக்கொண்டிருந்த காட்சி குதிரைப் பாய்ச்சலில் ஓடி மறையும். அம்மா திடுக்கிட்டுப் பிடியை மேசையில் வைத்துவிடுவார்.

சில நாட்களின் பின் அவர் அதனைத் தொடுவதையே நிறுத்திக்கொண்டார். நாங்கள் தட்டைப் போட்டுவிட்டுப் போவோம். "நிப்பாட்ட வேணுமா அம்மா? திருப்பிப் போடவா?" என்று கேட்டால், "வேண்டாம் மோனை, ஓடுறது ஓடட்டும்" என்பார். அம்மாவுக்குத் திருப்தி என்று நான் எண்ணிக்கொண்டேன்.

இவ்வியந்திரத்துக்கும் றிமோட் உண்டு என்பதை உடன் கற்பிக்கும் ஆசிரியர் ஒருவர் சொல்லித்தான் அறிந்தேன். உருவாக்கியவர்களே வெளியிட்ட றிமோட் புளூடூத் என்னும் வானொலி அலையால் இயங்குவது. குறி பார்த்து நீட்ட வேண்டிய அவசியம் அதற்கில்லை. அது எங்கள் நகரக் கடைகளில் அகப்படவில்லை. அகப்பட்டது, பெயர் கேள்விப்படாத ஒரு நிறுவனத்தாரின் மலிவுப் பதிப்பு. விலை 1,200 ரூபா. ஐம்பதுக்குக் குறையாத பொத்தான்கள். கூடவே, விரல்நுனி அளவான ஒரு சிறு வாங்கி. இயந்திரத்துக்குச் செங்கீழ்க் கதிரை உணரும் கண் இல்லையாதலால், அந்த வாங்கியை அதன் முகப்பிலுள்ள யூ.எஸ்.பி. துளையிற் செருக வேண்டும், அதுவே கண்ணாகும்.

செங்கீழ்க் கதிராவது சிவப்பு நிறத்துக்கு அப்பாலுள்ள, நம் கண்ணுக்குப் புலப்படாத ஒளி. நாம் காணும் ஒளியின் அலைநீளம் ஏறத்தாழ 700 நனோமீற்றருடன் முடிகிறது. இத்தகைய றிமோட்டுகளின் நுனியிலுள்ள சிறு விளக்கு பெரும்பாலும் 940 நனோமீற்றர் அளவில் ஒளிர்வது. அவ்வொளி செக்கனுக்கு 38,000 தடவை வரை துடித்து, அத்துடிப்பின் தொடர்ச்சியிலும் இடைவெளியிலும் செய்தியை ஏற்றிச் செல்லும். அறை விளக்கின் ஒளியையும் றிமோட்டின் ஒளியையும் வாங்கி பிரித்தறிவது இத்துடிப்பைக் கொண்டே.

கருவி வந்த ஒரு மாதத்தில் முதலாவது தொல்லை தோன்றியது. எந்தப் பொத்தானை அமுக்கியும் பயனில்லை. இயந்திரமே பழுதாயிற்று என்று நான் முடிவு கட்டிவிட்டேன். என் மகள் மாத்திரம் றிமோட்டைக் கைத்தொலைபேசியின் கமராவுக்கு நேரே பிடித்து, "அப்பா, இஞ்சை பாருங்கோ, வெளிச்சம் வரேல்லை" என்றாள். நம் கண் காணாத அவ்வொளியைப் பல கமராக்கள் வெளிறிய ஊதா நிறமாகக் காட்டும். பற்றறியை மாற்றியதும் ஊதாப் பொட்டு மின்னிற்று.

அதன்பின் வேறொரு புதுமை. காலையிலும் இரவிலும் ஒழுங்காக வேலை செய்யும் கருவி மாலை நான்கு மணிக்குமேல் முரண்டு பிடிக்கும். காரணம் கண்டறியச் சில நாள் சென்றது. மேற்கு யன்னலூடாகச் சரியும் வெயில் நேரே அந்த வாங்கியின்மேல் விழுந்துகொண்டிருந்தது. சூரிய ஒளியிற் செங்கீழ்க் கதிர் நிரம்ப உண்டு. அப்பெருவெள்ளத்தில் ஒரு சிறு விளக்கின் துடிப்பு அமிழ்ந்துபோவது வியப்பன்று. யன்னலுக்குத் திரை கட்டினோம், பிணக்குத் தீர்ந்தது.

இவ்விரு தொல்லைகளும் புதியனவல்ல என்பதைப் பின்பு படித்தறிந்தேன். அமெரிக்காவின் சிக்காகோ நகரத்துச் செனித் நிறுவனம் 1950இல் வெளியிட்ட முதலாவது தொலைக்காட்சி றிமோட், பெட்டியோடு நீண்ட வயரினாற் பிணைக்கப்பட்டிருந்தது. அவ்வயர் நடப்போர் காலை இடறிற்று. 1955இல் யூஜின் பொலி என்னும் பொறியியலாளர், ரோச் விளக்குப் போன்ற ஒரு கருவியைச் செய்தார். பெட்டியின் நான்கு மூலைகளிலும் ஒளியுணரும் கண்கள். எந்த மூலையில் ஒளி படுகிறதோ அதற்கேற்ற செயல் நிகழும். ஆனால் வெயில் பட்டாலும் அக்கண்கள் ஏமாந்தன. மறு ஆண்டில் றொபேட் அட்லர் ஒரு மாற்று வழி கண்டார். கருவியினுள்ளே சிறு சுத்தியல் அலுமினியக் கோல்களைத் தட்டும். மனிதர் செவிக்கு எட்டாத ஓசை எழும். பெட்டி அதனைக் கேட்டு நடக்கும். அதற்குப் பற்றறியே வேண்டியதில்லை. பற்றறி தீர்ந்தால் வாங்கியவர் பெட்டியே பழுதாயிற்று என்று எண்ணிவிடுவாரே என்று விற்பனையாளர் அஞ்சியதும் அதற்கொரு காரணமாம். அவர்கள் அஞ்சியது என்னைப் போன்றவர்களைத்தான் என்று படிக்கும்போது நாணமடைந்தேன்.

மூன்றாவது குறை மட்டும் தீரவில்லை. இம்மலிவுக் கருவியால் இயந்திரத்தை உறக்கத்திலிருந்து எழுப்ப முடியாது. இயந்திரம் உறங்கும்போது யூ.எஸ்.பி. துளைக்கு மின்சாரம் செல்வதில்லை. செல்லாதபோது அங்கே செருகிய கண்ணும் குருடாகிறது. ஆகவே ஒருவர் எழுந்து சென்று இயந்திரத்தைத் தொட்டு எழுப்ப வேண்டும். எழுப்பிய பின்னரே அம்மாவின் ஆட்சி தொடங்கும்.

ஐம்பது பொத்தான்களில் அம்மாவுக்கு வேண்டியவை மூன்று. ஓடு, நில், பின்செல். மகள் தன் நகப்பூச்சால் அம்மூன்றின் பக்கத்திலும் சிவப்புப் பொட்டு இட்டுக் கொடுத்தாள். சில மாதங்களின் பின் ஒரு நாள், தூசி துடைக்கவென அக்கருவியைக் கையில் எடுத்தேன். மலிவான அச்சாதலால் குறிகள் மங்கத் தொடங்கியிருந்தன. ஆனால் பின்செல்லும் பொத்தானிலோ குறி முற்றாய் அழிந்து, றப்பர் வழவழவென்று பளபளத்தது.

அன்று மாலை வேலை எதையும் எடுத்துக்கொள்ளாமல் அம்மாவின் அருகில் இருந்தேன். நாதஸ்வரக் கச்சேரித் தட்டு ஓடியது. தவில் தனி தொடங்கிச் சிறிது நேரத்தில், ஓரிடத்திலே அம்மாவின் பெருவிரல் அசைந்தது. படம் பின்னே சென்றது. மீண்டும் அதே இடம். மீண்டும் பெருவிரல். அவ்வாறு மூன்று முறை.

"அதிலை என்ன அம்மா?" என்றேன்.

"இப்படி ஒரு இடம் வந்தால் எங்கடை ஐயா என்ரை உள்ளங்கையிலை தாளம் போட்டுக் காட்டுவார். சின்னனிலை திருவிழாவுக்குத் தோளிலை வைச்சுக் கொண்டுபோவார். இப்ப எனக்கு விரலாலை தாளம் போட ஏலாது. இந்தப் பொத்தானை அமத்த மட்டும் ஏலுது."

"இவ்வளவு நாளும் ஏன் எங்களிட்டைச் சொல்லேல்லை? நாங்கள் திருப்பிப் போட்டிருப்போமே!"

அம்மா திரையை விட்டுக் கண்ணெடுக்காமலே சொன்னார்: "ஒருக்கால் எண்டால் கேட்கலாம் மோனை. ஒவ்வொரு நாளும் கேட்கிறதே?"

அதற்கு விடை கூற என்னிடம் சொல் இருக்கவில்லை. இரண்டு ஆண்டுகளாக ஒவ்வொரு மாலையும் அந்த இடம் வந்து, அவரைக் கடந்து போயிருக்கிறது. 'ஓடுறது ஓடட்டும்' என்ற சொல்லை நான் திருப்தி என்று வாசித்திருந்தேன். மாணவரின் விடைத்தாள்களை முப்பது ஆண்டுகள் திருத்திய எனக்கு, ஒரே வீட்டில் வாழ்ந்த தாயின் ஒரு வாக்கியத்துக்குப் பொருள் தெரியவில்லை. முதியோர் கேளாதிருப்பதற்கு விருப்பமின்மை காரணமாகாது. நாள்தோறும் பிறரை எழுப்பி ஏவல் கொள்ளும் கூச்சமே பெரும்பாலும் காரணமாகும். அக்கூச்சத்தை நீக்க அன்புரை போதாது. அவர் கைக்கு அடங்கும் ஒரு பொத்தான் வேண்டும்.

தரமான றிமோட் ஒன்றை இலண்டனிலிருந்து அனுப்புவதாகத் தம்பி பின்பு தொலைபேசியிற் கூறினான். அது இயந்திரத்தையும் எழுப்புமாம். அம்மாவிடம் கேட்டேன். பொட்டிட்ட பழையதே பழகிவிட்டது என்றார். ஆதலால் இன்றும் மாலை ஆறு மணிக்கு, அம்மா விளக்கேற்றிவிட்டு வந்து கதிரையில் அமருமுன், நானே சென்று இயந்திரத்தை எழுப்பி வைக்கிறேன். கருவி செய்ய இயலாத அந்த ஒரு வேலையை அவர் வாய்திறந்து கேட்கும்படி விடலாகாது அல்லவா?