பரணில் உறங்கும் குரல்கள்



உங்கள் வீட்டுப் பரணிலோ, பாட்டனார் விட்டுச் சென்ற தகரப் பெட்டியிலோ, சிறு தட்டளவான பிளாஸ்டிக் சக்கரங்களில் பழுப்பு நிற நாடா சுற்றப்பட்டுக் கிடக்கிறதா? கிடந்தால் எறிந்துவிடாதீர்கள். அதேபோல், கையில் அகப்பட்ட ஏதோ ஒரு பழைய ரிக்கார்டரில் மாட்டி ஓடவிட்டும் பார்த்துவிடாதீர்கள். முதற்செயல் குரலை ஒரேயடியாக இழக்கச் செய்யும். இரண்டாவது, நம் கண்ணெதிரிலேயே அதனை அழிக்கும்.

கேசட் நாடாவை பிலிப்ஸ் நிறுவனம் 1963-ல்தான் அறிமுகப்படுத்தியது. அதற்கு முன்னும், அதற்குப் பின் சில ஆண்டுகள் வரையிலும் ஸ்பூல் ரிக்கார்டர்களே வழக்கில் இருந்தன. சிங்கப்பூர், மலாயா, இலங்கை, பின்னர் வளைகுடா என்று சபர் சென்றவர்கள் திரும்புகையில் க்ருண்டிக், பிலிப்ஸ் போன்ற பெட்டிகளைக் கொண்டு வந்தார்கள். அவற்றில் பதிவானவை சினிமாப் பாட்டுகள் மட்டுமல்ல. மீலாது மேடைப் பேச்சுகள், நிக்காஹ் குத்பாக்கள், ரமளான் இரவின் பயான்கள், வீட்டுத் திண்ணையில் பிள்ளைகள் ஓதிய பாடங்கள் ஆகியனவும் பதிவாயின. அச்சேறாத ஆலிம்கள் பலரின் சொல்வன்மைக்கு இன்று எஞ்சியிருக்கும் சான்று அந்த நாடா ஒன்றே.

காந்த நாடாவுக்கும் திருமறைக்கும் உள்ள தொடர்பு பெரிது. எகிப்தில் லபீப் அஸ்ஸயீத் என்னும் அறிஞர் முன்னின்று முயன்றதன் பயனாக, ஷைகு மஹ்மூத் கலீல் அல்ஹுஸரீ அவர்கள் குர்ஆன் முழுவதையும் தர்தீலாக ஓதிப் பதிவு செய்தார்கள். 1961-ல் அது ஒலித்தட்டுகளாக வெளிவந்தது. குர்ஆன் முழுமையும் ஒலிவடிவில் வந்தது அதுவே முதன்முறை. மக்ரஜும் மத்தும் எவ்வாறு அமைய வேண்டும் என்பதற்கு, ஆசிரியர் இல்லாத ஊரிலும் ஒரு குரல் சான்றாக நின்றது. நம் ஊர் உஸ்தாதுகளின் குரலுக்கு அத்தகைய பேறு வாய்க்கவில்லை. அவை பரணில் இருக்கின்றன.

ஆஸ்திரேலிய நாட்டின் தேசியத் திரைப்பட, ஒலி ஆவணக் காப்பகம் 2015-ல் வெளியிட்ட எச்சரிக்கை அறிக்கை ஒன்றில், காந்த நாடாக்களைக் காப்பாற்ற 2025-ஐக் கெடு ஆண்டாகக் குறிப்பிட்டது. அந்த ஆண்டில் நாடாக்கள் எல்லாம் ஒருசேர அழிந்துவிடும் என்பது அதன் பொருள் அன்று. நாடாக்கள் கெட்டுக்கொண்டே வர, அவற்றை ஓட்டும் கருவிகளும், உதிரிப் பாகங்களும், பழுது பார்க்கத் தெரிந்த கைகளும் அருகிவிடும் என்பதே பொருள். அந்த ஆண்டும் வந்துவிட்டது.

இனி, இக்கட்டுரைக்குக் காரணமான கருவிக்கு வருவோம். ஜப்பானின் டீயாக் நிறுவனம் 1970களில் செய்த ஏ-3340எஸ் என்னும் நான்கு தட ரிக்கார்டர் அது. எங்கள் ஊர் சபராளி ஒருவர் 1980களில் ஜித்தாவில் பழையதாக வாங்கி அனுப்பியது. ஏறத்தாழ 20 கிலோ எடை; பத்தரை அங்குல ஸ்பூல் இரண்டு மாட்டலாம். கால் அங்குல அகல நாடாவில் நான்கு தடங்களை அருகருகே தனித்தனியாகப் பதிவு செய்யும். முதல் தடத்தைக் கேட்டுக்கொண்டே இரண்டாவதில் ஓதலாம், அல்லது பாடலாம். ஒன்று மற்றொன்றுடன் பிசகாமல் பொருந்தும். இந்தப் பல்தடக் கலையை வளர்த்தவருள் முதன்மையானவர் லெஸ் பால் என்னும் அமெரிக்க கித்தார்க் கலைஞர். அவருக்காக ஆம்பெக்ஸ் நிறுவனம் செய்த எட்டுத் தடக் கருவி 1957-ல் அவர் கைக்கு வந்தது. (இசைக்கருவிகளை விரும்பாத நண்பர்களுக்கு ஒரு செய்தி: பல்தட நாடாவில் குரல் ஒரு தடத்திலும் வாத்தியம் வேறு தடங்களிலும் இருக்குமாதலால், வாத்தியத்தை அடைத்துவிட்டுக் குரலை மட்டும் கேட்கலாம். பத்வா கேட்க வேண்டிய தேவையே எழாது!)

நமக்கு இக்கருவியால் ஆகும் பயன் வேறு. பழைய வீட்டு ஸ்பூலில் 'ஏ' பக்கம் முன்னோக்கியும், நாடாவைத் திருப்பிப் போட்டுப் பதிந்த 'பி' பக்கம் பின்னோக்கியும் இருக்கும். ஸ்டீரியோ நாடாவாயின் ஒன்றாம், மூன்றாம் தடங்கள் ஒரு பக்கத்துக்கும், இரண்டாம், நான்காம் தடங்கள் மறுபக்கத்துக்கும் உரியவை. நான்கு தடக் கருவி இவையனைத்தையும் ஒரே ஓட்டத்தில் படித்துவிடும். தலைகீழாக வரும் பக்கத்தைக் கணினியில் திருப்பிக்கொள்ளலாம். நொய்ந்துபோன நாடாவை இருமுறை ஓடவிடாமல் ஒருமுறையோடு விட்டுவிடுவது சாதாரண நன்மையா?

வேகத்தில் ஒரு சிக்கல் உண்டு. வீட்டு ஸ்பூல்கள் பெரும்பாலும் நொடிக்கு 3¾ அங்குல வேகத்தில் பதிந்தவை; இக்கருவியோ 7½, 15 என்னும் இரு வேகங்களையே அறியும். ஆகவே இருமடங்கு வேகத்தில் ஓட்டிக் கணினியில் சேமித்து, பின்னர் பாதி வேகமாக்க வேண்டும். 1200 அடி நாடாவின் ஒரு பக்கம் 3¾ அங்குல வேகத்தில் 64 நிமிடம். நாம் ஓட்டும்போது இரு பக்கமும் சேர்த்து 32 நிமிடத்தில் முடிந்துவிடும். ஒலியின் கனமும் கூர்மையும் சற்று மாறும். அதனையும் கணினியில் திருத்தலாம்.

பழைய கருவி கைக்கு வந்தவுடன் பிளக்கைச் சொருகிப் பார்க்கும் ஆவல் எவருக்கும் எழும். அதனை அடக்கிக்கொள்ளுங்கள். பின்புறத் தகட்டை முதலில் படியுங்கள். ஜப்பானின் மின்சாரம் 100 வோல்ட், அமெரிக்காவினது 120 வோல்ட். அக்காலச் சவூதியில் பல வீடுகளுக்கு 127 வோல்ட் வந்தது. அந்த அமைப்பிலேயே நம் 230 வோல்ட்டில் மாட்டினால் புகைதான் மிஞ்சும். மின்னழுத்தத்தைக் குறைக்கும் டிரான்ஸ்பார்மர் கடையில் கிடைக்கும். பலர் அதனோடு நின்றுவிடுவார்கள். ஆனால் அது பாதி மருந்தே. சவூதியின் மின்சாரம் நொடிக்கு 60 சுற்று, நம்முடையது 50. நாடாவை இழுக்கும் மோட்டார் அந்தச் சுற்றை எண்ணியே சுழலும் வகையினது. ஆகவே டிரான்ஸ்பார்மர் எத்துணை நல்லதாக இருப்பினும், நாடா ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் ஓடும். ஒரு மணி நேரக் கிராஅத் 72 நிமிடம் ஆகும்; கணீரென்ற குரல் கம்மிப்போன குரலாகக் கேட்கும்.

எங்கள் கடைத்தெருவின் ரேடியோ மெக்கானிக் பெரியவர் இதற்குச் செய்த வழி எளிமையானது. மோட்டார்த் தலையில் உள்ள உருளியின் விட்டம் ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாக இருக்குமாறு லேத் பட்டறையில் புதியதொன்றைக் கடைந்து வாங்கி மாட்டினார். மோட்டாரின் கப்பாசிட்டரையும் 50 சுற்றுக்கு ஏற்றதாக மாற்றினார். வேகம் சீரானது.

அடுத்தது ரப்பர். இத்தகைய கருவிகளுக்கு வயது காட்டும் உறுப்பு அதுவே. பெல்ட்டுகள் காலப்போக்கில் உருகித் தார்போல் ஒட்டிக்கொள்ளும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் துணியை நனைத்துத் துடைத்துத் துடைத்துத்தான் எடுக்க வேண்டும். நாடாவை அழுத்திச் செல்லும் ரப்பர் உருளை ஒன்று கண்ணாடிபோல் இறுகியிருக்கும், அல்லது பிசுபிசுத்திருக்கும். இரண்டு நிலையிலும் நாடாவைக் கடித்துவிடும். அதற்குப் புது ரப்பர் போட்டே தீரவேண்டும். காய்ந்த கிரீஸை நீக்கி, தண்டின் தாங்கியில் மெல்லிய இயந்திர எண்ணெய் ஓரிரு துளி விடலாம். தையல் மெஷினுக்குப் போடுவதுபோல் வழியவிட்டால் அது ரப்பரில் இறங்கி நாடாவை வழுக்கச் செய்யும். தேங்காயெண்ணெயைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

நாடா உரசிச் செல்லும் 'ஹெட்' என்னும் தலைகளில் பழுப்புத் தூள் படிந்திருக்கும். அதே ஆல்கஹாலால் பஞ்சுக் குச்சி கொண்டு துடையுங்கள். நகத்தால் தடவுகையில் பள்ளம் தட்டுப்பட்டால் தலை தேய்ந்திருக்கிறது என்று அறியலாம். தலைகளில் தங்கிவிட்ட காந்தத்தை நீக்கும் கருவியைப் பயன்படுத்தும்போது ரிக்கார்டர் அணைந்திருக்க வேண்டும். நாடாக்கள் அடுத்த அறையில் இருக்க வேண்டும். அந்தக் கருவியை மெதுவாக விலக்கி, கையெட்டும் தூரத்துக்கு வந்த பின்னரே அணையுங்கள். அருகிலேயே அணைத்தால் நீக்க வந்த காந்தத்தை நீங்களே ஊட்டியவராவீர்கள். மின்னணுப் பகுதியில் வற்றிப்போன கப்பாசிட்டர்களை மாற்றுவதும், சுவிட்சுகளின் களிம்பை நீக்குவதும் மெக்கானிக்கின் வேலை. சென்னை ரிச்சி தெருவில் தேடினால் கப்பாசிட்டர்கள் கிடைக்கும்.

பின்பும் அவசரம் வேண்டாம். மதிப்பில்லாத நாடாக்களைப் போட்டுச் சில நாட்கள் ஓட்டிப் பாருங்கள். நான்கு தடங்களுக்கும் உள்ள பதிவுச் சுவிட்சுகள் யாவும் அணைந்திருப்பதை ஒவ்வொரு முறையும் கண்ணால் காணுங்கள். பதிவுப் பொத்தான் ஒருமுறை தவறி அழுந்தினால், இறந்தவரின் குரல் இரண்டாம் முறை இறந்துவிடும்.

நாடாவையும் அறிந்துகொள்ள வேண்டும். ஸ்பூலை வெளிச்சத்துக்கு எதிரே பக்கவாட்டில் பிடியுங்கள். ஒளி ஊடுருவினால் அது பழைய அசிட்டேட் நாடா, மறைத்தால் பாலியஸ்டர். அசிட்டேட்டில் காடி வாசனை வந்தால் அது சிதையத் தொடங்கிவிட்டது. பாலியஸ்டர் நாடாக்களில், 1970களின் நடுவிலிருந்து வந்த சில வகைகள் ஈரத்தை உறிஞ்சிப் பசைபோல் ஆகி, ஓடும்போது கீச்சிட்டு நிற்கும். அவற்றைச் சுமார் 54 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் பல மணி நேரம் வைத்துப் பதப்படுத்தினால் சில வாரங்களுக்கு ஓடும். இது தேர்ந்தவர் செய்ய வேண்டியது. சமையலறை அடுப்புக்கு உரியதன்று. அசிட்டேட் நாடாவை ஒருபோதும் இவ்வாறு சூடேற்றக் கூடாது.

எங்களிடம் வந்த முதல் ஸ்பூல் அசிட்டேட்டாகவே அமைந்தது. 1968-ல் ஓர் உஸ்தாத் தம் வீட்டில் ஓதியது என்று உறையில் எழுதியிருந்தது. மெல்லிய காடி வாசனையும் இருந்தது. கொண்டு வந்தவர் அவருடைய மகளார், எழுபது கடந்த மூதாட்டி. தந்தையின் குரலைக் கேட்டு ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகிறது என்றார். விரைவாகச் சுற்றும் பொத்தான்களைத் தொடுவதில்லை என்றும், இழுவிசையைச் சிறிய ஸ்பூலுக்கு உரிய அளவில் வைப்பது என்றும் முதலிலேயே தீர்மானித்துக்கொண்டோம். நடுவில் இருமுறை நாடா அறுந்தது. அசிட்டேட் அறுந்தால் நீளாமல் சுத்தமாகவே அறும். ஒட்டுநாடா கொண்டு இணைத்துத் தொடர்ந்தோம். பாதி வேகமாக்கிய பின், வேகம் சரிதானா என்ற ஐயம் எழுந்தது. பதிவில் மெலிதாகக் கேட்ட மின்சார இரைச்சலை அளந்தோம். ஏறத்தாழ 50 சுற்று வந்தது. தொல்லை என்று நாம் எண்ணும் இரைச்சலே அங்கு சாட்சி சொன்னது. யாஸீன் சூரா முழுமையும், ஒரு சிறுவனின் உச்சரிப்பைத் திருத்தும் குரலும் தெளிவாகக் கிடைத்தன.

செலவைப் பற்றி ஒரு வார்த்தை. ஒரேயொரு ஸ்பூல் வைத்திருப்பவர் இத்தகைய கருவியை வாங்கிச் சீர்செய்வது வீண்விரயம் என்றே நான் கருதுகிறேன். ஓர் ஊரில் பத்து வீட்டில் நாடாக்கள் இருப்பின், ஜமாஅத்தார் ஒன்று வாங்கிப் பொதுவில் வைப்பது தகும். ஷாமியானாவுக்கும் தேக்சாவுக்கும் பொதுப்பணம் ஒதுக்குகிறோம் அல்லவா? அப்போது அதனைக் கையாள்பவர் அமானிதம் பேணுபவராக இருக்க வேண்டும் என்பது, இயந்திர அறிவைவிட முந்திய தகுதி.

ஏனெனில் அந்த ஸ்பூலுக்கு மறுபக்கம் இருந்தது. உறையில் அதைப் பற்றி ஒன்றும் எழுதப்படவில்லை. நான்கு தடங்களும் ஒன்றாகவே ஓடியபடியால் அதுவும் கணினியில் பதிவாகிவிட்டது. ஒலிபெருக்கியில் ஓதலுக்குரிய தடங்களை மட்டும் திறந்து வைத்து, மற்றவற்றை அடைத்திருந்தோம். அளவுகாட்டும் முள் அசைந்ததைக் கொண்டு, அங்கும் எவரோ பேசுகிறார்கள் என்பது மட்டும் தெரிந்தது. வீட்டுப் பேச்சாக இருக்கலாம். பெண்மக்களின் குரலாகவும் இருக்கலாம். கேட்பதற்கு நமக்கு உரிமை இல்லை என்று அதனைத் திருப்பி, ஒரு சிறு பென்டிரைவில் இட்டு அவ்வம்மையாரிடமே கொடுத்தோம். ஒரு வாரம் கழித்து, கணினியில் உள்ள அந்தப் பகுதியை அழித்துவிடுமாறு பேரனிடம் சொல்லியனுப்பினார். அழித்துவிட்டோம். ஸ்பூலும் அவரிடமே இருக்கிறது.