நமக்குச் சம்பளம்... அவர்களுக்கு வசை! கடல் கடந்த 'கூலி'யின் கதை

பக்கத்து வீட்டுக்குத் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரிலிருந்து உறவுக்காரப் பெண்மணி ஒருவர் வந்திருந்தார். வயது அறுபதைத் தாண்டியிருக்கும். கரும்புத் தோட்ட வேலைக்காக, பாட்டனுக்குப் பாட்டன் காலத்தில் கப்பலேறிய குடும்பம். தமிழ் பேச வராது. ஆனால், சின்ன வயதில் கற்றுக்கொண்ட எழுத்துகள் மறக்கவில்லை. ஆட்டோவில் போகும்போது கடைப் பலகைகளை எல்லாம் எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டே வருவார். பொருள் சொல்வது என் வேலை.

நகைக்கடைத் தெருவில் ஒரு விளம்பரப் பலகை. 'செய்கூலி இல்லை, சேதாரம் இல்லை' என்று ஆளுயர எழுத்து. "செய்... கூ... லி..." என்று படித்தவர் சட்டென்று நிறுத்திவிட்டார். முகம் மாறிவிட்டது. "இந்த வார்த்தையையா இவ்வளவு பெரிதாக எழுதி வைத்திருக்கிறார்கள்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

நகை செய்கிற ஆசாரிக்குத் தரவேண்டிய பணம்தான் அது என்று விளக்கினேன். அவர் உடனே சமாதானமாகவில்லை. பள்ளிவிட்டு வரும்போது, பஸ் ஜன்னலிலிருந்து வெள்ளைக்காரப் பிள்ளைகள் அவரைப் பார்த்துக் கத்திவிட்டுப் போகும் வார்த்தையாம் அது. வீட்டில் அந்தச் சொல்லை யாரும் வாயில் எடுக்கக் கூடாது என்று அப்பா தடை போட்டிருந்தாராம். என்னிடம் பேசும்போதுகூட 'அந்த வார்த்தை' என்றாரே தவிர, ஒருமுறைகூட அதை உச்சரிக்கவில்லை.

எனக்கோ ஆச்சரியம். நமக்கு அது எத்தனை சாதாரணமான சொல்! தையற்கூலி, அரைவைக்கூலி, வண்டிக்கூலி, ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, தினக்கூலி என்று நாள் முழுக்கப் புழங்குகிறோம். மனசில்லாமல் செய்யும் வேலையைக் 'கூலிக்கு மாரடிப்பது' என்று கேலி செய்கிறோம். அடியாட்களுக்குக் 'கூலிப்படை' என்று பெயர் வைத்திருக்கிறோம். 2025-ல் ரஜினி படத்துக்கே அதுதான் தலைப்பு.

வள்ளுவரும் இந்தச் சொல்லைக் கையாண்டிருக்கிறார். ஆள்வினையுடைமை அதிகாரத்தில், தெய்வத்தால் ஆகாத காரியத்திலும் உடல் வருந்தி உழைத்ததற்கான பலன் கிடைத்தே தீரும் என்கிறாரே, அந்தப் பலனுக்கு அவர் வைத்த பெயர் கூலி. தெய்வத்தோடு நிறுத்துப் பார்க்கிற அளவுக்குக் கௌரவமான சொல்.

அது எப்படி இன்னொரு தமிழ்க் குடும்பத்துக்கு வசையானது?

முதலில் வீட்டிலிருந்தே தொடங்கலாம். கூலம் என்றால் தானியம். மணிமேகலை எழுதிய சாத்தனாரை 'மதுரைக் கூலவாணிகன்' என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். தானிய வியாபாரி என்று பொருள். வேலை செய்தவருக்குக் கூலமாக அளந்து கொடுத்ததால் அது கூலி ஆயிற்று என்று சொல்லாய்வாளர்கள் சிலர் சொல்கிறார்கள். அறுவடை முடிந்ததும் களத்துமேட்டிலேயே நெல்லை அளந்து கொடுத்த பழக்கத்தை நேரில் பார்த்தவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அவர்களுக்கு இந்த விளக்கம் சட்டென்று பிடிபடும்.

மலையாளம், கன்னடம், தெலுங்கு மூன்றிலும் இதே சொல் உண்டு. உழைப்புக்குக் கொடுக்கும் காசு என்ற இதே பொருளும் உண்டு. சிங்களத்தில் கொஞ்சம் நகர்ந்திருக்கிறது. அங்கே 'குலிய' என்றால் வாடகை. கொழும்பில் ஒரு வீட்டு வாசலில் 'குலியட்ட' என்று எழுதித் தொங்கவிட்டிருந்தால், வீடு வாடகைக்கு இருக்கிறது என்று அர்த்தம்.

இதுவரை வம்பில்லை. எல்லாமே காசு. இந்தியில் 'குலி' என்றதும் காசு மறைந்து, ரயில் நிலையத்தில் சிவப்புச் சட்டையும் கையில் பித்தளை வில்லையுமாக நிற்கும் ஆள் வந்துவிடுகிறார். அமிதாப் பச்சனின் 1983-ம் வருடப் படத்தை நினைத்துக்கொள்ளுங்கள்.

இந்த மாற்றம் எங்கே நடந்தது என்பதில் அறிஞர்களுக்குள் ஒரு வழக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. ஆங்கிலேயர் வாயில் புகுந்த இந்தியச் சொற்களைத் திரட்டி, 1886-ல் 'ஹாப்ஸன்-ஜாப்ஸன்' என்ற அகராதி வந்தது. அதைத் தொகுத்த இருவரில் ஒருவரான பர்னல், தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர். தமிழ் தெரிந்தவர். அப்படியும் அந்த அகராதி நம் பக்கம் முழுதாகச் சாயவில்லை. குஜராத் பக்கத்துக் 'கோலி' என்ற சமூகத்தின் பெயர்தான் வேலையாட்களுக்குப் பொதுப்பெயராகியிருக்க வேண்டும் என்கிறது; தமிழின் கூலியையும் கூடவே குறிப்பிடுகிறது. துருக்கியில் 'குல்' என்றால் அடிமை. அதையும் இதோடு சேர்த்துப் பார்ப்பவர்கள் உண்டு.

துருக்கிச் சொல்லில் ஒரு வேடிக்கை. 1591-ல் ஹைதராபாத்தை நிர்மாணித்த மன்னரின் பெயர் முகமது குலி குதுப் ஷா. அந்தக் 'குலி'க்கு அடியான் என்று பொருள். ஒரே ஓசை, ஒரு பக்கம் சிம்மாசனத்திலும் இன்னொரு பக்கம் ரயில் நிலையத்திலும் உட்கார்ந்திருக்கிறது!

என்னைக் கேட்டால், விதை எங்கிருந்து வந்திருந்தாலும் அது வளர்ந்தது கப்பலில்தான். சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் ஏறிய ஆயிரமாயிரம் பேர் வாயில் கூலி என்ற சொல் ஏற்கெனவே இருந்தது. 'கூலி எவ்வளவு?' என்றுதானே கேட்டிருப்பார்கள்!

பிரிட்டிஷ் பேரரசில் அடிமை முறை 1834-ல் சட்டப்படி முடிவுக்கு வந்தது. கரும்புத் தோட்டங்களோ அப்படியேதான் இருந்தன. வெட்ட ஆள் வேண்டும். அதே ஆண்டு நவம்பர் 2-ம் தேதி, 'அட்லஸ்' என்ற கப்பல் கல்கத்தாவிலிருந்து 36 பேரோடு மொரீஷியஸின் போர்ட் லூயிஸில் ஒதுங்கியது. பின்னால் வந்தவர்கள் லட்சக்கணக்கில். அவர்கள் இறங்கிய துறைக்குக் 'கூலி காட்' என்றே பெயர். இன்று அதன் பெயர் 'ஆப்ரவாசி காட்'. 2006 முதல் யுனெஸ்கோவின் உலக பாரம்பர்யச் சின்னம்.

டர்பன் கதை 1860-ல் தொடங்குகிறது. சென்னையிலிருந்து கிளம்பிய 'ட்ரூரோ' கப்பல், நவம்பர் 16-ம் தேதி 342 பேரை அங்கே இறக்கியது. 1911 வரை நேட்டாலுக்குப் போனவர்கள் சுமார் 1,52,000 பேர். மூன்றில் இரண்டு பங்கினர் சென்னைத் துறைமுகம் வழியாகப் போனவர்கள்.

சம்பளம் மாதம் 10 ஷில்லிங். வருடத்துக்கு ஒரு ஷில்லிங் உயர்வு. ஒப்பந்தம் முடியும் வரை வேறு முதலாளியிடம் போக முடியாது. மொரீஷியஸில் 'இரட்டை வெட்டு' என்று ஒரு விதி இருந்தது. ஒரு நாள் வேலைக்கு வராவிட்டால் இரண்டு நாள் சம்பளம் பிடிப்பு. காய்ச்சலில் படுத்தால் இருக்கிற காசும் கழிந்துபோகும். சம்பளத்தையே ஒரு மனிதனுக்குப் பெயராக வைத்தார்கள். அவனுக்குச் சேரவேண்டிய சம்பளத்தை மட்டும் வெட்டிக்கொண்டே வந்தார்கள்.

இதைத் தன் அனுபவத்தில் எழுதியவர் காந்தி. 1893-ல் தென்னாப்பிரிக்கா போன அவருக்கு அங்கே கிடைத்த பட்டம், 'கூலி பாரிஸ்டர்'. இந்திய வியாபாரி என்றால் 'கூலி வியாபாரி'. இந்தியர்கள் ஒதுக்கி வைக்கப்பட்ட பகுதி, 'கூலி லொகேஷன்'. சொல்லின் மூலப்பொருளே மறந்து, அது எல்லா இந்தியருக்கும் பொதுப்பெயராகிவிட்டதை சுயசரிதையில் குறிப்பிடுகிறார். இன்னொரு பெயரும் இருந்ததாம், 'சாமி'. ராமசாமி, முனுசாமி என்று தமிழ்ப் பெயர்களைக் கேட்டுக் கேட்டு அப்படிக் கூப்பிட்டிருக்கிறார்கள். இளக்காரமாகத்தான். சாமி என்றால் எஜமானன் என்று தெரியுமா, நான் உங்கள் எஜமானன் இல்லையே என்று சில இந்தியர்கள் திருப்பிக் கொடுப்பார்களாம். நம் ஆட்களின் குசும்பு கப்பலில் கரைந்துவிடவில்லை!

காந்தியிடம் உதவி கேட்டு வந்த முதல் ஒப்பந்தத் தொழிலாளிகளில் ஒருவர், பாலசுந்தரம் என்ற தமிழர். முதலாளி அடித்ததில் பல் உடைந்து, வாயில் ரத்தத்தோடு, தலைப்பாகையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றாராம். வெள்ளைக்காரர் முன் அப்படித்தான் நிற்க வேண்டும் என்று பழக்கியிருந்தார்கள். காந்தி முதலில் அந்தத் தலைப்பாகையைக் கட்டிக்கொள்ளச் சொன்னார்.

1895-ல் நேட்டால் அரசு புது வரி போட்டது. ஒப்பந்தம் முடிந்தும் ஊர் திரும்பாமல் அங்கேயே தங்குகிறவர், வருடத்துக்கு 3 பவுன் கட்ட வேண்டும். ஒரு பவுனுக்கு 20 ஷில்லிங். கணக்குப் போட்டுப் பாருங்கள், மாதம் 10 ஷில்லிங் வாங்கியவருக்கு அது ஆறு மாதக் கூலி! 1913-ல் பெரும் வேலைநிறுத்தம் வெடித்ததற்கு முக்கியக் காரணம் இந்த வரி. அந்தப் போராட்டத்தில் சிறை சென்ற தில்லையாடி வள்ளியம்மை 1914 பிப்ரவரியில் இறந்தார். அந்த ஆண்டே வரி ஒழிந்தது.

இதற்கிடையே சொல் தன் பாட்டுக்கு ஊர் சுற்றிக்கொண்டிருந்தது. சீனர்கள் அதன் ஓசைக்கு ஏற்ப இரண்டு எழுத்துகளைத் தேர்ந்தெடுத்தார்கள். 'கு' என்றால் கசப்பு, 'லி' என்றால் வலிமை. கசப்பான உழைப்பு! வேறெந்த மொழியும் இந்தச் சொல்லுக்கு இவ்வளவு பொருத்தமான உடை தைத்ததில்லை. அவர்களுக்கு அது வெறும் ஓசை விளையாட்டாக இருக்கவில்லை. 1847 முதல் கியூபாவின் கரும்புத் தோட்டங்களுக்கு லட்சத்துக்கும் அதிகமான சீனர்கள் இதே பெயரில் கொண்டுபோகப்பட்டார்கள். அமெரிக்காவில் இந்தச் சொல்லைத் தலைப்பிலேயே வைத்து 1862-ல் சட்டம் வந்தது.

தாய்லாந்தில் 'குலி', வியட்நாமில் 'கு லி'. இந்தோனேசியாவில் கட்டட வேலை செய்பவர் 'குலி பாங்குனான்'. அங்கே பத்திரிகையாளருக்குச் செல்லப்பெயர் என்ன தெரியுமா? 'குலி திந்தா'. மைக் கூலி! படித்ததும் சிரித்துவிட்டேன். எனக்கும் பொருந்துகிறதே.

ஜமைக்காவில் 'கூலி பிளம்' என்று ஒரு பழம் உண்டு. என்ன பழமாக இருக்கும் என்று தேடினால்... நம்ம இலந்தைப்பழம்!

இலங்கையின் மலைத்தோட்டங்களுக்குப் போனவர்களுக்கு அது அத்தனை வேடிக்கையாக இல்லை. அவர்கள் குடியிருந்த வரிசை அறைகள் 'கூலி லைன்' ஆயின. 'லைன்' என்பது இன்று 'லயம்' என்று தமிழாகவே மாறிவிட்டது. தோட்டம் மாறும் தொழிலாளியின் கடன் கணக்கை எழுதிக் கொடுத்த சீட்டுக்குத் 'துண்டு' என்று பெயர். அந்தத் தமிழ்ச் சொல் அப்படியே துரைமார்களின் ஆங்கிலத்தில் ஏறியது. அந்தக் கடனை அடைக்காமல் வேறு தோட்டத்துக்கு நகர முடியாது. 1921-ல்தான் துண்டு முறை ஒழிந்தது. புதிதாக வரும் வெள்ளைக்கார சின்னதுரைகளுக்குத் தமிழ் கற்பிக்க ஒரு கையேடு போட்டார்கள். அதன் தலைப்பு, 'இங்கே வா!' மரியாதை விகுதி அந்தப் பாடத்தில் சேர்த்தி இல்லை போலும்.

தஞ்சாவூரிலிருந்து போன பத்திரிகையாளர் கோ. நடேசய்யர், 1931-ல் அந்தத் தோட்டங்களில் தொழிற்சங்கம் கட்டினார். தொழிலாளி என்ற சொல் மெல்ல மெல்ல இடம்பிடித்தது. இன்று அவர்களின் பேரப்பிள்ளைகள் தங்களை மலையகத் தமிழர் என்கிறார்கள். ஒரு நாள் கூலியாக 1,000 ரூபாய் கேட்டு அவர்கள் பல வருடம் போராடினார்கள். 2021-ல்தான் அது கிடைத்தது. கூலி என்ற பட்டம் வேண்டாம், கூலி வேண்டும்!

அந்தப் பட்டத்தையே எடுத்துச் சூடிக்கொண்டவர்களும் உண்டு. மொரீஷியஸ் கவிஞர் கால் டோராபுலி, 1992-ல் 'கூலிட்யூட்' என்ற சொல்லை உருவாக்கினார். கடல் கடந்து போனவர்களின் வலியையும் கலப்பையும் பெருமையையும் சேர்த்துச் சொல்லும் பெயர். கயானாவில் பிறந்த கையூத்ரா பகதூர், 1903-ல் கல்கத்தாவில் தன்னந்தனியாகக் கப்பலேறிய தன் கொள்ளுப்பாட்டியைத் தேடிப்போய் எழுதிய புத்தகத்தின் பெயர், 'கூலி வுமன்'. அந்தத் தலைப்பு வேண்டாம் என்று முகம் சுளிக்க அவர்கள் சமூகத்திலேயே ஆட்கள் உண்டு. அதிலும் நியாயம் இருக்கிறது. நம் ரயில்வே 2016-ல் இந்தச் சொல்லைக் கைவிட்டு, 'சஹாயக்' என்று மாற்றியது. பெயர்தான் மாறியது. ரயில் நிலையத்தில் நாம் கூப்பிடுவது இன்னும் மாறவில்லை.

இதையெல்லாம் இரண்டு நாள் கழித்து டர்பன் அம்மாவிடம் சொன்னேன். வள்ளுவர் சமாச்சாரத்தை இரண்டு முறை கேட்டார். களத்துமேட்டு நெல்லைப் பற்றிக் கேட்டார். இரட்டை வெட்டைப் பற்றிச் சொன்னபோது மட்டும் ஒன்றும் பேசவில்லை.

ஊருக்குக் கிளம்பும் முன், பேத்திக்கு ஜிமிக்கி வாங்க வேண்டும் என்றார். அதே தெருவில் வேறு கடைக்குக் கூட்டிப்போனேன். பில்லை வாங்கி, விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தார். எடை, கல், சேதாரம். 'செய்கூலி' வந்ததும் விரல் நின்றது. அதை வாய்விட்டுப் படித்தார்.

நான் வழக்கம்போல, "அண்ணே, செய்கூலியில கொஞ்சம் குறைச்சுப் போடுங்க" என்று ஆரம்பித்தேன். அந்த அம்மாவுக்கு 'கூலி'யும் 'குறை'யும் எப்படிப் புரிந்ததோ தெரியவில்லை. என் கையைப் பிடித்து அழுத்தி, வேண்டாம் என்று தலையசைத்தார்.